ஜாய்ஸ் டீச்சரின் அக்கா

ஜாய்ஸுக்கு அக்கா கிடையாது. அதனால், "நேத்து மதியம் வந்து உங்க அக்காவப் பாத்துட்டுப் போனோம் டீச்சர், நல்லா பேசிகினு இருந்தாங்க" என்று நர்ஸ் கலையரசி போனில் சொன்னபோது அவளுக்கு முதலில் வந்தது பயம் இல்லை, கோபம். நேற்று மதியம் வீடு பூட்டிக் கிடந்தது. அவள் வேலூருக்கு ஸ்கேன் எடுக்கப் போயிருந்தாள். சாவி அவளுடைய கைப்பையில் இருந்தது.

போனை வைத்ததும் நோட்டை எடுத்து, 'வராமலே வந்ததாகச் சொல்கிறார்கள்' என்று சிவப்புப் பேனாவால் எழுதி, முப்பது மதிப்பெண்ணைக் குறைத்தாள்.

முப்பத்தொரு வருஷம் விடைத்தாள் திருத்திய கை அது. ஓட்டல் காபிக்கும் மார்க் போடும், பாதிரியாரின் பிரசங்கத்துக்கும் போடும். சாகப் போகிற இடத்தை மட்டும் விட்டுவிடுமா? கணையத்தில் கட்டி, மூன்று மாதம், மிஞ்சினால் நாலு என்று டாக்டர் சொன்ன மறுநாளே புது நோட்டு வாங்கி, ஓரத்தில் கோடு போட்டுக்கொண்டு, வந்தவாசி ரோட்டில் இருக்கும் அந்த இல்லத்தைப் பார்க்கப் போய்விட்டாள். இனி குணப்படுத்த முடியாது என்று மருத்துவமனை அனுப்பிவிட்டவர்களை அங்கே வைத்துப் பார்த்துக்கொள்கிறார்கள். வேண்டுமென்றால் வீட்டுக்கும் வருகிறார்கள். பினாயில் வாடை அளவோடுதான் இருந்தது. படுக்கை விரிப்புகள் வெயிலில் காய்ந்திருந்தன. ஒரு கிழவர் தண்ணீர் கேட்டுக் கூப்பிட்டதும் எத்தனை நேரத்தில் ஆள் வருகிறது என்று தன் கைக்கடிகாரத்தில் பார்த்தாள், இரண்டு நிமிஷம். எல்லாவற்றுக்கும் நல்ல மார்க்தான். ஆனால் நாற்பது மதிப்பெண்ணுக்கான கேள்வி ஒன்று பாக்கியிருந்தது. கடைசி நேரத்தில் பக்கத்தில் ஆள் இருக்குமா? அதை எப்படிக் கேட்பது என்று தெரியாமல் திரும்பிவிட்டாள்.

ஜாய்ஸுக்குச் சாவு பயம் இல்லை. யாரும் இல்லாத அறையில், யாருக்கும் தெரியாமல், கண் திறந்தபடி கிடந்து, பால்காரர் கதவைத் தட்டிக் கண்டுபிடிக்கும்படி ஆகிவிடுமோ என்பதுதான் பயம். கல்யாணம் ஆகவில்லை. தம்பி வின்சென்ட் கனடாவில் இருக்கிறான். கிறிஸ்துமஸுக்கு வீடியோவில் கை அசைப்பான். அவனிடமும் நோயைச் சொல்லவில்லை.

இல்லத்தில் "யாருக்குங்க டீச்சர்?" என்று கேட்டபோது, "எங்க அக்காவுக்கு" என்று சொன்னது யோசித்துச் சொன்ன பொய்தான். நோயாளி என்று தெரிந்தால் தேனாகப் பேசுவார்கள், சொந்தக்காரர் என்றால்தான் உள்ளதைச் சொல்வார்கள். பெயர் கேட்டதும் சகாயம்மாள் என்று வாயில் வந்தது. வயது அறுபத்து நாலு. மற்றதெல்லாம் தன்னுடையதையே சொன்னாள். இடது பக்கம் படுக்க முடியாது. ரசம் சாதம்தான் இறங்குகிறது. வலி பத்துக்கு ஆறு. விலாசமும் தன் விலாசம். தேவைப்படும்போது நானே போன் பண்ணுகிறேன் என்றுதான் சொல்லிவிட்டு வந்தாள்.

ஆட்டோ பிடித்து இல்லத்துக்குப் போய் இறங்கினபோது மணி பதினொன்று. கலையரசி மருந்து டப்பாக்களை அடுக்கிக்கொண்டிருந்தாள். முப்பது வயதுக்காரி, சந்தவாசல் பக்கம், ஸ்கூட்டரில்தான் வேலைக்கு வந்து போகிறாள்.

"நேத்து யாரும் வரல. வீடு பூட்டியிருந்திச்சு" என்றாள் ஜாய்ஸ், வகுப்பில் பேசுகிற குரலில்.

"ஆமா டீச்சர், முன்னால பூட்டுதான் இருந்திச்சு. அடுத்த தெருவுல ஒரு பேஷன்ட்டப் பாத்துட்டு அப்படியே எட்டிப் பாத்தேன். அக்கா ஜன்னலாண்ட வந்து, பின்பக்கமா வாங்கன்னு சொன்னாங்க. அவங்கதான் தாழ்ப்பாளத் தொறந்து வுட்டாங்க."

ஒரு பொய்க்கு இத்தனை விவரம் தேவையில்லையே என்று ஜாய்ஸுக்குத் தோன்றியது. பின்கதவின் தாழ்ப்பாள் உள்பக்கம்தான். ராத்திரி வேலூரிலிருந்து திரும்பியதும் அது போட்டிருக்கிறதா என்று பார்த்தாளா? நினைவில்லை. வந்ததும் ஹாலில் பாயை விரித்துப் படுத்துவிட்டாள். இந்த ஒரு வாரமாக உள்ளறைக் கட்டிலில் அவள் படுப்பதில்லை. ஏன் என்று கேட்டால் அவளுக்குச் சொல்லத் தெரியாது; அந்த மெத்தையில் உட்கார்ந்தால் யாரோ எழுந்துபோன இடம்போலச் சூடாக இருந்தது.

கலையரசி ஃபைலை நீட்டினாள். வலி ஆறு. ரசம் சாதம். இடது பக்கம் படுப்பதில்லை. நான் சொன்னதையே திருப்பி எழுதியிருக்கிறார்கள், காப்பி அடித்த பையன்கள்போல, என்று ஜாய்ஸுக்கு ஒரு நிமிஷம் தெம்பு வந்தது. அடுத்த வரியைப் படித்தாள். 'தங்கை குளியலறைக் குழாயைத் திறந்துவிட்டு அழுகிறார். நோயாளி அதை நினைத்துத்தான் அதிகம் வருந்துகிறார்.'

அதை அவள் யாரிடமும் சொல்லவில்லை. பக்கத்து வீட்டுக்குக் கேட்கக் கூடாது என்றுதான் குழாயைத் திறப்பது.

"படுக்கைப் புண்ணு வருதான்னு குதிகால ஒரு போட்டோ எடுப்போம். இத பாருங்க" என்று கலையரசி மொபைலைக் காட்டினாள்.

வீங்கிய ஒரு பாதம். சுண்டு விரல் பக்கத்து விரல்மேல் ஏறி உட்கார்ந்திருந்தது, ஜாய்ஸின் அப்பாவுக்கு இருந்ததுபோல, இப்போது மேஜைக்கு அடியில் செருப்புக்குள் ஜாய்ஸுக்கு இருப்பதுபோல. பாதம் கிடந்தது மஞ்சள் கட்டம் போட்ட விரிப்பில். அது அவளுடைய கட்டில் விரிப்பு. ஒரு மூலையில் இஸ்திரி சுட்ட பழுப்புக்கூட அப்படியே இருந்தது.

ஜாய்ஸ் மொபைலைத் தள்ளிவைத்தாள். "கலையரசி, எனக்கு அக்கா இல்லம்மா. நான் பொய் சொன்னேன். வியாதி எனக்குத்தான்."

வாழ்க்கையில் முதல் தடவையாக அதை இன்னொரு மனுஷியிடம் சொல்லிவிட்டாள். அழுகை வந்தது. கலையரசி எழுந்து வந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். முகத்தில் ஆச்சரியமே இல்லை. நாலு பேரிடம் கேட்டுப் பழகிய பொறுமைதான் இருந்தது.

"இப்படிச் சொல்லுவீங்கன்னு அக்கா நேத்தே சொன்னாங்க டீச்சர். அவங்க வியாதிய உங்க வியாதியா நெனச்சுகினு நீங்க தவிக்கிறீங்களாம். நெறைய பேரு இப்படித்தான். வாங்க, நானும் வரேன். ஒரு தடவ சேந்து போயிப் பாத்துருவோம்."

ஸ்கூட்டரின் பின்னால் உட்கார்ந்து கலையரசியின் தோளைப் பிடித்துக்கொண்டபோது, இத்தனை பயத்திலும், ஒருத்தர் தன்னோடு வீட்டுக்கு வருகிறார் என்பது ஜாய்ஸுக்குச் சந்தோஷமாக இருந்தது. கடைசியாக அவள் வீட்டுக்கு ஒருத்தர் வந்தது கேஸ் சிலிண்டர் போடத்தான்.

தெரு முழுக்க வெயில். பக்கத்து வீட்டுப் பாலமுருகனின் தறி ஓடிக்கொண்டிருந்தது. இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஒரே சுவர் என்பதால் அந்தச் சத்தம் ஜாய்ஸின் ஹாலில்தான் அதிகம் கேட்கும். வந்த புதிதில் சண்டைகூடப் போட்டிருக்கிறாள். வேலையை விட்டு நின்ற பிறகு அதுதான் அவளுக்குப் பகல் துணை. பூட்டைத் திறந்தாள். ஹாலில் அவள் சுருட்டி வைத்த பாய். அதைத் தாண்டி உள்ளறை, கதவு ஒருக்களித்திருந்தது. காலையில் அதை அப்படியா விட்டோம் என்று யோசிப்பதற்குள் கலையரசி செருப்பைக் கழற்றிவிட்டு நேரே உள்ளே போய்விட்டாள்.

"எப்படி இருக்கீங்கம்மா?"

ஜாய்ஸ் ஹாலிலேயே நின்றாள்.

பதில் கேட்கவில்லை. ஆனால் ஒருத்தர் பதில் சொல்வதற்கு எவ்வளவு நேரம் ஆகுமோ அவ்வளவு நேரம் கழித்து, "அப்படியா, ராத்திரி கூடவா?" என்றாள் கலையரசி. மறுபடி கொஞ்ச நேரம். ஏதோ வேடிக்கையாகக் காதில் விழுந்தாற்போலச் சிரித்தாள். ரத்த அழுத்தம் பார்க்கிற பட்டையைக் காற்றடித்து ஏற்றுகிற சத்தம் வந்தது, புஸ் புஸ் என்று. பிறகு காற்று இறங்கியது. எண்களைச் சொன்னாள். போர்வையை இழுத்துவிடுகிற சரசரப்பு. டெட்டால் வாடையோடு வேறொரு வாடையும் கதவிடுக்கு வழியாக ஹாலுக்கு வந்தது. வாடிய ரோஜா மாலை, சாம்பிராணி, ஐஸ். அறுபத்தொரு வயதுக்குள் எத்தனையோ துக்க வீடுகளில் முகர்ந்த வாடை.

கலையரசி கையைத் துடைத்துக்கொண்டே வெளியே வந்து குரலைத் தாழ்த்தினாள். "ரொம்ப நாள் இல்ல டீச்சர். பயப்படாதீங்க, வலி இல்லாம பாத்துக்கலாம். வழக்கமா ஒண்டியா இருக்கறவங்களுக்குத்தான் ராத்திரி ஆள் போடுவோம். உங்க வீட்டுல ஒருத்தருக்கு ஒருத்தர் இருக்கீங்களே. கூடவே இருங்க. வுட்டுட்டுப் போயிடாதீங்க."

"அங்க யாரு இருக்கா?" என்றாள் ஜாய்ஸ். "ஒரு தடவ சொல்லும்மா. அங்க யாரு?"

கலையரசி அவள் கன்னத்தைத் தொட்டாள். "உங்களாட்டமே இருக்காங்க. போய்ப் பேசுங்க."

ஸ்கூட்டர் கிளம்பி, தெருமுனையில் திரும்பி, தேய்ந்து போயிற்று.

ஜாய்ஸ் வாசலைப் பார்த்தபடி நாற்காலியில் உட்கார்ந்தாள். வெளியே ஓடலாம். எங்கே ஓடுவது? போனை எடுத்துப் பெயர்களைத் தள்ளிக்கொண்டே போனாள். கேஸ் ஏஜென்சி, மருந்துக்கடை, பழைய ஹெட்மாஸ்டர், செத்துப்போன இரண்டு சிநேகிதிகள். வின்சென்ட். அங்கே இப்போது நடுராத்திரி. எடுத்தாலும் என்னவென்று சொல்வது? அக்கா வந்திருக்கிறாள் என்றா?

மணி ஒன்று. பாலமுருகன் சாப்பிட எழுந்துகொண்டார். தறி நின்றது.

அப்போதுதான் அது கேட்டது. உள்ளறையில் மூச்சு. இழுத்து, நின்று, விட்டு. மூக்கில் எதையோ அடைத்துக்கொண்டு விடுகிற மூச்சு. இத்தனை நேரமும் தறிச் சத்தத்துக்கு அடியில் இருந்திருக்கிறது. ஒருவேளை இந்த ஒரு வாரமும் இருந்திருக்கிறது.

அவள் தன் மூச்சை அடக்கினாள். உள்ளறை மூச்சு அடங்கவில்லை.

வலி ஆரம்பித்தது. முதுகுக்குள்ளிருந்து வயிற்றுக்குச் சுருட்டிக்கொண்டு வருகிற வலி. கைப்பிடியை இறுகப் பிடித்தாள். மாத்திரை உள்ளறையில் இருந்தது. கட்டிலுக்கு அந்தப் பக்கம், ஜன்னல் மேடையில்.

ஐந்து நிமிஷம் பொறுத்தாள். பத்து நிமிஷம். ஜெபம் பாதியில் மறந்துபோயிற்று.

எழுந்தாள். சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்தாள். கதவு. கைபட்டதும் திறந்தது.

கட்டிலில் ஒருத்தி சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருந்தாள்.

மஞ்சள் கட்ட விரிப்பு. நரைத்த பின்னல். ஜாய்ஸின் சந்தன நிற நைட்டி. போர்வைக்கு வெளியே அந்தப் பாதம்.

படுத்திருந்தவள் மெல்ல நகர்ந்தாள். சுவரோடு ஒட்டிக்கொண்டாள். கட்டிலில் பாதி காலியாயிற்று. ஒரு கை முதுகுக்குப் பின்னால் நீண்டு வந்து, அந்தக் காலி இடத்தைத் தட்டியது. குழந்தையைக் கூப்பிடுவதுபோல. மெதுவாக.

"வலிக்குதா, ஜாய்சு?"

ஜாய்ஸுடைய குரலேதான். நோய் வந்த நாளிலிருந்து ஒருத்தரும் அவளை அப்படிக் கேட்டதில்லை.

"ஆமா" என்றாள் ஜாய்ஸ். சொல்லியிருக்கக் கூடாது. சொல்லிவிட்டாள்.

கட்டில் கிரீச்சிட்டது. பின்னல் தலையணையில் இழுபட்டது. அவள் இந்தப் பக்கம் புரண்டாள்.

ஜாய்ஸின் முகம். இன்னும் மூன்று மாதம் போன முகம். மூக்கில் பஞ்சு. தாடையைச் சுற்றி உச்சந்தலையில் முடிச்சுப் போட்டு இறுக்கிய வெள்ளைத் துணி. வாய் திறக்க வழியே இல்லை.

"வா, வந்து படு" என்றது குரல். உதடு அசையவில்லை. கை மெத்தையைத் தட்டிக்கொண்டே இருந்தது.