கார் ஷெட் குடித்தனம்

"அதான் சொல்றேனே சார்... மண்டைய உடைப்பேன்னு சொன்னேன். உடைக்கல!"

முன்வீட்டில் குடியிருக்கும் தையல்காரி கத்தினாள். இன்ஸ்பெக்டர் அசையவில்லை.

அவர் காலடியில் பிணம்!

அந்த அறை முன்பு கார் ஷெட். இப்போது 'தனி போர்ஷன்'. ஜன்னல் கிடையாது. அடுப்புக்கும் கக்கூஸுக்கும் நடுவே ஒரே ஒரு பலகைத் தடுப்பு. தெருவில் வீடு வீடாக வாங்கிக் குவிக்கும் கம்பெனி, கொல்லைப்புறத்தில் இப்படி ஒன்றை ஒட்டவைத்து வாடகைக்கு விடும். தடுப்பு அடிக்கும் சூப்பர்வைசருக்குத் தெருவே வைத்த பெயர், பலகை.

பலகைதான் இப்போது பின்மண்டை பிளந்து கிடந்தான்.

"ஏம்மா அப்படிச் சொன்னே?"

"என் சமையல்கட்டை ரெண்டாக்க வந்தான் சார்! அந்தப் பக்கம் வேற குடித்தனமாம். நான் இங்க உலை வெச்சா அவங்க வீட்டுல கொதிக்கணுமா?"

கான்ஸ்டபிள் சிரிப்பை விழுங்கினார்.

கம்பெனி டைரக்டர் முன்னால் பாய்ந்தார்.

"வாய்க்கொழுப்பப் பாருங்க! கதவு பூட்டியிருந்துச்சு. சாவி ரெண்டே ரெண்டு. ஒண்ணு செத்தவன் பாக்கெட்டுல. மெயின் ஸ்விட்ச் இங்க இருக்கறதால இன்னொண்ணு இவகிட்ட. இன்னும் என்ன யோசனை?"

"அவ இவன்னா பல்லு பேந்துடும்!"

"பாத்தீங்களா சார்... பாத்தீங்களா!"

இன்ஸ்பெக்டர் பெருமூச்சு விட்டார். "ஜீப்புல ஏறும்மா."

அவள் இடுப்பில் செருகியிருந்த சாவியை உருவினாள். ஏறினால்... ஆயுள்!

"ஏறுறேன். அதுக்கு முன்னாடி எதிர்வீடு வரைக்கும் வாங்க சார்."

எதிர்வீடும் கம்பெனி வீடுதான். பூட்டியிருந்தது. அந்த கார் ஷெட் சாவியை நுழைத்தாள்.

க்ளிக்!

பக்கத்து வீடு... க்ளிக்! அதற்கடுத்தது... க்ளிக்!

"போன மாசம் எதிர்வீட்டுப் பொண்ணு சாவியத் தொலைச்சா. சும்மா என்னோடதப் போட்டுப் பாத்தோம் சார்... தொறந்துடுச்சு!"

இன்ஸ்பெக்டர் மெதுவாகத் திரும்பினார்.

"எல்லாத்துக்கும் ஒரே சாவியா சார்?"

"மொத்தமா வாங்கினா... மலிவு..." டைரக்டர் இழுத்தார். "ஆங்! வீடு முப்பத்தெட்டு, போர்ஷன் முப்பத்தெட்டு. அந்த எழுபத்தாறுல எவனோதான் கொன்னிருக்கான்!"

"பூட்டு வாங்கினது நீங்க. எழுபத்தாறுன்னு தெரிஞ்சும் ரெண்டுன்னு ஏன் சொன்னீங்க?"

இன்ஸ்பெக்டர் ஒரு மடித்த தாளை எடுத்துக் காட்டினார்.

"பலகையோட சாக்ஸுல ஒரு லெட்டர் இருந்துச்சு. அனுமதியில்லாத போர்ஷன் முப்பத்தெட்டுன்னு நகராட்சிக்கு எழுதி, கையெழுத்தும் போட்டு..."

"சாக்ஸுலயா? நான் பாக்கெட் பூராத் தேடி..."

டைரக்டர் வாயைப் பொத்திக்கொண்டார்.

லேட்!

கையில் விலங்கு ஏறியது.

"எ... எனக்கு லாக்கப்புல தனி ரூம் வேணும்!"

"ஏற்கெனவே ரெண்டு பிக்பாக்கெட் குடியிருக்காங்க," என்றார் கான்ஸ்டபிள். "மூணாவது குடித்தனமா ஏறுங்க சார்!"

தையல்காரி ஜீப்பை எட்டிப் பார்த்தாள்.

"இன்ஸ்பெக்டர் சார்... இவரு காலி பண்ண எத்தனை வருஷம் ஆகும்?"

பதினாலா... இருபதா? வாசகர்களே, நீங்க ஜட்ஜா இருந்தா எத்தனை வருஷம் குடுப்பீங்க?