ஏழாம் கட்டிலின் கால்கள்

காலை அழுத்தியவர் யார் என்பதன்று, அழுத்திய விரல் ஏன் ஈரமாயிருந்தது என்பதே அவனை முதலில் உறுத்தியது.

மாலை ஆறு மணி. சன்னல்களில் கறுப்புத்தாளை ஒட்டிப் பட்டப்பகலை வாசலோடு திருப்பியனுப்பிய அந்த அறையில், திரைக்கு வெளியே நீட்டியிருந்த அவன் உள்ளங்காலை ஒரு கட்டைவிரல் மூன்று முறை அழுத்திவிட்டு விலகியது. எழுந்துவிட்டேன், நன்றி என்று கிசுகிசுத்தான். மழையில் நனைந்த துணியின் வாடையும் அதனடியில் மெல்லிய எரிபொருள் வாடையும் சிறிது நேரம் நின்று, பின் கலைந்தன. வெளியே மழை இல்லை. மூன்று வாரமாகவே இல்லை.

இரவெல்லாம் பறந்து பகலெல்லாம் உறங்கும் சரக்கு விமானிகள் விமான நிலையத்தருகே கூட்டாக வாடகைக்கு எடுத்திருந்த வீடு அது. ஓர் அறை, ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டடுக்கில் எட்டுக் கட்டில்கள், ஒவ்வொன்றுக்கும் கறுப்புத் திரை. எட்டுப் பேர் எட்டு நேரத்தில் எழவேண்டிய இடத்தில் கடிகார மணி என்பது ஏழு பேருக்குச் செய்யும் துரோகம். ஆகவே அவ்வீட்டுக்கென்று ஒரு வழக்கம் இருந்தது. படுக்கப் போகிறவர் தன் கட்டில் எண்ணையும் எழவேண்டிய நேரத்தையும் கதவருகே உள்ள பலகையில் சுண்ணக்கட்டியால் எழுத வேண்டும். கால்களைத் திரைக்கு வெளியே நீட்டிப் படுக்க வேண்டும். அந்த நேரத்தில் விழித்திருப்பவர் யாராயினும் வந்து அந்தக் காலை மூன்று முறை அழுத்த வேண்டும். விளக்குக் கூடாது, பேச்சுக் கூடாது, பிறர் திரையை விலக்கக் கூடாது. வேலை நிரந்தரமாகாத புதியவர் தம் எண்ணைச் சுற்றி ஒரு வட்டம் போடுவார். ஒருமுறை தாமதித்தால் வேலை போய்விடும் மனிதர் இவர் என்பது அதன் பொருள். வட்டமிட்ட எண்ணை மறந்தவன் மனிதனல்லன் என்பது அவ்வீட்டின் எழுதாச் சட்டம்.

அவன் எண் மூன்று. வட்டமிட்ட மூன்று.

சீருடை மாட்டிக்கொண்டு வெளியே வந்தபோது வீட்டுக்காரம்மா கொடியில் உலர்ந்த விரிப்புகளை மடித்துக்கொண்டிருந்தார். எழுப்பிவிட்டவர் யார் என்று கேட்டான். மற்றவர்களெல்லாம் நாலு மணி வேனுக்கே போய்விட்டார்களே என்றார் அவர்.

"என் காலை அமுக்கவே வீட்ல ஆள் இல்ல, உங்க காலை யாரு சார் அமுக்கப் போறா? கனவு கண்டிருப்பீங்க."

அவனும் சிரித்தான். பேயும் பிசாசும் பயம் பெற்ற பிள்ளைகள் என்று மேடைதோறும் முழங்கியவரின் மகன் அவன். சிரிக்காமல் வேறென்ன செய்வான்?

அஞ்சுவதற்கு அவனுக்கு உண்மையான பொருள் ஒன்று இருந்தது. முன்பு வேலை பார்த்த நிறுவனம் ஒரே நாளில் கதவடைத்ததும், ஐந்தாண்டுகள் வீட்டிலிருந்தான். வானத்தில் விமானம் போகும் ஒலி கேட்டால் மகள் ஓடிவந்து அவன் காதைப் பொத்துவாள். அப்பாவுக்கு அந்தச் சத்தம் பிடிக்காது என்பது அவள் கண்டறிந்த உண்மை. பிறகுதான் இந்தச் சரக்கு நிறுவனம் நேர்முகத்துக்கு அழைத்தது. பறக்கத் தெரியுமா என்று சோதித்தார்கள், தெரிந்தது. உங்கள் வீடு இரண்டு மணி நேர விமானத் தொலைவில் இருக்கிறதே, எப்படி வருவீர்கள் என்றார்கள். எப்படியாவது வருவேன் என்றான். வேலைக்கு வா என்றவர்கள், வரும் வழி உன் பாடு என்றார்கள். மூட்டைகளுக்குக் கட்டணம் உண்டு, இடம் உண்டு, காப்பீடு உண்டு. அவற்றைச் சுமந்து பறக்கும் மனிதனுக்கோ விமானியின் முதுகுக்குப் பின்னே ஒரு மடக்கு இருக்கை மட்டும், அதுவும் காலியாக இருந்தால். அதில் ஒட்டிக்கொண்டு வாரந்தோறும் வந்து போனான். முதல் ஆண்டு முடியும்வரை ஒரே ஒரு தாமதம் போதும், கடிதம் வந்துவிடும்.

"தூங்கிடாதீங்க," என்றாள் மனைவி, கிளம்பும்போதெல்லாம். "இன்னொரு தடவை என்னால தாங்க முடியாதுங்க."

அன்றிரவு அவனோடு பறந்தவர் மீசை அண்ணன். அதே வீட்டின் முதல் கட்டில்காரர். இருபதாண்டு அனுபவமுள்ள கேப்டன். வாய் திறந்தால் வேடிக்கைதான். முகில்களுக்கு மேலே வந்ததும், ஆளில்லாத வீட்டில் தன்னை யாரோ எழுப்பியதை அவன் நகைச்சுவையாகச் சொன்னான். அவர் நகைக்கவில்லை.

"கை ஈரமா இருந்துச்சா?"

அவன் திரும்பிப் பார்த்தான். அவர் முகப்புக் கருவிகளையே பார்த்தபடி, சொல்லுக்குச் சொல் நிறுத்திச் சொன்னார். சென்ற மழைக்காலத்தில் ஏழாம் கட்டிலில் ஒரு புதியவன் இருந்தான். வேலையில் முதல் ஆண்டு முடிய ஒரு மாதமே பாக்கி. ஐந்தே காலுக்கு எழுப்பச் சொல்லி எழுதியிருந்தான். எழுப்ப வேண்டியவர், தன் வேன் வந்துவிட்டதென்று ஓடிவிட்டார். ஒரு மணி நேரம் கழித்துத் தானாக விழித்தவன், யாருடைய வண்டியையோ எடுத்துக்கொண்டு கொட்டும் மழையில் பறந்தான். நிலையத்துத் திருப்பத்தில் எரிபொருள் லாரி. அவன் உடல் வீடுபோய்ச் சேர மூன்று நாளாயிற்று. வேலைநீக்கக் கடிதம் மறுநாளே வந்து சேர்ந்துவிட்டது.

எழுப்ப வேண்டியவர் யார் என்று அவன் கேட்டான். மீசை அண்ணன் ஏற்கெனவே சரியாக இருந்த ஒரு பொத்தானைச் சரிசெய்தார்.

"இப்ப அந்த வீட்ல வட்டம் போடற ஆள் நீ ஒருத்தன்தான், புதுசு," என்றார். "வேற வட்டம் எதையாவது பார்த்தா, பார்க்காத மாதிரி போயிடு."

விடிந்து இறங்கியதும் அவர் விடுப்பில் ஊர் போனார். அவன் வீட்டுக்கு வந்தான், பலகையில் மூன்று, ஆறு மணி என்று எழுதி வட்டமிட்டான், படுத்தான்.

விழித்தது தானாகவே. இருள். சுற்றிலும் அமைதி, பலர் மூச்சு நிரம்பியிருந்து சற்றுமுன் வடிந்துபோன அறையின் அமைதி. மற்றவர்கள் வேனுக்குப் போய்விட்டிருக்க வேண்டும். எங்கோ சொட்டுச் சொட்டாக நீர் விழும் ஓசை கேட்டது. குழாய் என்று நினைத்தான். கதவைச் சிறிதே திறந்து, கீற்றாய் விழுந்த வெளிச்சத்தில் மணி பார்த்தான். ஐந்து பன்னிரண்டு. பலகையைப் பார்த்தான்.

அவன் எழுதிய மூன்று. அதன் கீழே, ஏழு. ஐந்தே கால். வட்டம்.

சுண்ண எழுத்து ஈரத்தில் கரைந்து கீழே வழிந்துகொண்டிருந்தது.

போய்விடு என்றது ஒரு மனம். வெளியே மாலை வெயில் இருக்கிறது, வீட்டுக்காரம்மா இருக்கிறார், போய்விடு. மறுமனமோ தந்தையின் குரலில் வழக்காடியது. கதை கேட்டு நடுங்குகிறாயா? புதிதாக வேலைக்கு எடுத்த ஒருவன் பகலில் வந்து காலிக் கட்டிலில் படுத்திருக்கக் கூடாதா? அவனுக்கும் ஒரு மனைவி, அவனுக்கும் காதைப் பொத்தும் ஒரு மகள் இருக்கக் கூடாதா? ஐந்தாண்டு வீட்டிலிருந்தவனுக்குத் தெரியாதா அந்த வலி? மேகத்துக்கு மேலே சொன்ன பேய்க்கதைக்கு அஞ்சி, ஒரு மனிதனின் பிழைப்பைக் கெடுக்கப் போகிறாயா?

ஐந்து பதினான்கு.

கெடுக்க முடியவில்லை அவனால்.

சுவரைத் தடவியபடி நடந்தான். நான்கு. ஐந்து. ஆறு. தரை ஈரம். இன்னும் ஓரடி. தரையில் நீர்.

மூலையில், கீழ்த்தட்டில், ஏழாம் கட்டிலின் திரை. திரைக்கு வெளியே இரண்டு கால்கள். வெளுத்து, நீரில் ஊறிச் சுருங்கிய கால்கள்.

சொட்டிக்கொண்டிருந்தவை அவை.

ஓடியிருக்கலாம். கை ஏற்கெனவே நீண்டிருந்தது.

ஒருமுறை அழுத்தினான். குளிர்.

இரண்டாம் முறை. அழுத்திய அதே கணத்தில், நின்றுகொண்டிருந்த அவன் உள்ளங்காலில், தரைக்கும் தோலுக்கும் நடுவே, ஒரு கட்டைவிரல் அழுந்தியது.

நிறுத்த நினைத்தான். விரல் நிற்கவில்லை.

மூன்று.

முகத்துக்கு மேலே ஒரு சாண் உயரத்தில் பலகை. மேல்கட்டிலின் அடிப்பலகை. முதுகின் கீழே ஊறிய மெத்தை. கத்தினான், ஓசை வரவில்லை. காலை இழுத்தான், கால் வரவில்லை. திரையின் இடுக்கில் ஒரு முதுகு தெரிந்தது. அவன் முதுகு. அது மூன்றாம் கட்டிலுக்குப் போய், அவன் சட்டையை மாட்டி, அவன் தொப்பியை வைத்து, கண்ணாடி இல்லாமலே சரிசெய்துகொண்டது. மனைவி அழைக்கும் நேரம்; திரைக்கு வெளியே தொலைபேசி ஒலித்தது. அது எடுத்தது.

"எழுந்துட்டேம்மா," என்றது அவன் குரல். "இல்லம்மா, நல்லா தூங்கினேன். வெள்ளிக்கிழமை வீட்டுக்கு வந்துடுவேன். பாப்பாவ என்கூடவே படுக்க வை."

வீட்டுக்காரம்மா போய் வாருங்கள் என்றார். வேன் கிளம்பியது. ஓசை தேய்ந்தது.

காலையில் இரவுப் பணி முடித்தவர்கள் வந்தார்கள். பலகையில் எழுதினார்கள். இருளில் சுவரைத் தடவி அவரவர் கட்டிலுக்கு நடந்தார்கள். மூலை வந்ததும் ஒவ்வொருவரும், தம்மையறியாமல், ஓரடி விலகி எதையோ சுற்றிக்கொண்டு போனார்கள். எதைச் சுற்றுகிறோம் என்று ஒருவரும் குனிந்து பார்க்கவில்லை. திரைக்கு வெளியே அந்த இரண்டு கால்களும், விரல்கள் மெல்ல விரிந்தபடி, நீட்டிக்கொண்டே இருந்தன.