ஜன்னல் பேசாவிட்டால்

கோரந்தீன் காரை நிறுத்தி இறங்கியபோது வீட்டுக்குக் கீழே கடல் தெரியவில்லை. மேட்டில் வெயில் அடித்தது. தண்ணீர்மேல் மட்டும் பனிமூட்டம் அப்பிக் கிடந்தது. ஜூன் மாதத்தில் இந்த முனையில் இது புதிதில்லை. ஒரு கையில் மீன் சூப்புக்கான சாமான் பையும் மறு கையில் சைடர் போத்தலுமாக அவள் வாசலுக்கு வந்தாள். பக்கத்து வீட்டு ஃபான்ஷ் சாவியோடு நின்றிருந்தார். நண்டுக்கூடு போட்டே முதுகு வளைந்த மனிதர்.

"வழி மறந்து போச்சுன்னு நெனச்சேன், கோரந்தீன்."

"நான் மறந்தாலும் கார் கொண்டாந்து விட்டுரும். கூரையாவது மிச்சம் இருக்கா, இல்ல அதையும் வித்துக் குடிச்சிட்டியா?"

"கூரை அப்படியே இருக்கு." அவர் சிரிக்கவில்லை. "போறப்ப ரேடியோவை அணைச்சிட்டுப் போயிருக்கலாம். ஓதத் தண்ணி திரும்புற நேரமெல்லாம் உள்ளேர்ந்து கரகரன்னு சத்தம்."

"மெயின் சுவிட்சையே இறக்கிட்டுல்ல போனேன்?"

ஃபான்ஷ் சாவியை அவள் உள்ளங்கையில் வைத்தார். வாசற்படியைக்கூட மிதிக்காமல் திரும்பி நடந்தார்.

உள்ளே போய் முதல் வேலையாகச் சுவிட்சைப் பார்த்தாள். இறங்கித்தான் இருந்தது. கிழவனுக்குக் காது கெட்டுவிட்டது என்று சொல்லிக்கொண்டே ஏற்றினாள். ஜன்னல் ஓரத்து ரேடியோவில் பச்சை விளக்கு எரிந்தது.

அந்த ஜன்னலால்தான் வீட்டுக்கே ஜன்னல் என்று பெயர். கீழே ராஸ் நீரிணை. அதைக் கடக்கிற உள்ளூர்ப் படகுகள் எல்லாம் ரேடியோவில் இந்த வீட்டைக் கூப்பிட்டு, "ஜன்னல், எப்படி இருக்கு?" என்று கேட்கும். வீட்டுக்காரி எட்டிப் பார்ப்பாள். நீரிணை நடுவே பாறைமேல் நிற்கும் விளக்குக் கோபுரத்துக்குக் கிழவி என்று பெயர். நுரை கிழவியின் கணுக்காலோடு நின்றால் போகலாம். முழங்கால் என்றால் யோசிக்க வேண்டும். இடுப்பு என்றால் எவனும் போகக்கூடாது.

வழி நன்றாக இருந்தால் ஜன்னல் பேசாது. கெட்டிருந்தால் மட்டும்தான் பேசும். நல்ல தண்ணீருக்கு வாயை வீணடிப்பானேன் என்பது இந்த முனைக்காரர்களின் கஞ்சத்தனம். பதில் வராவிட்டால் வா என்று அர்த்தம். பாட்டன் காலத்திலிருந்து அப்படித்தான்.

போன அக்டோபரில் அவள் கணவன் மாலோ வடக்கிலிருந்து கேட்டான். நுரை இடுப்புக்கு ஏறியிருந்தது. வராதே, வராதே என்று தொண்டை கிழியக் கத்தினாள். அவன் படகின் ஏரியல் உடைந்திருந்தது. அவன் குரல் இவளுக்கு வந்தது, இவள் குரல் அவனுக்குப் போகவில்லை. "பேச்சையே காணோமே? சரி, சூப்பைச் சூடு பண்ணு, வரேன்" என்றான். பிறகு மைக்கின் பொத்தானை இரண்டு முறை அழுத்தினான், டக் டக் என்று. கேட்டேன், புரிந்தது என்பதற்கு அவன் வழக்கம் அது. படகு மறுநாள் காலியாகக் கிடைத்தது. மாலோ கிடைக்கவில்லை. அவளுக்கு அழுது முடிக்க ஒரு உடம்புகூடக் கிடைக்கவில்லை. அப்போது வீட்டைப் பூட்டிக்கொண்டு போனவள் இன்றுதான் திரும்பியிருக்கிறாள்.

இன்று அதே படகில் மகள் அஸிலிஸ் வருகிறாள். ஸ்க்ராவ் என்று ஆலா என்ற கடற்பறவையின் பெயர் வைத்த சின்னப் பாய்மரப் படகு. குளிர்காலம் முழுக்கப் பழுது பார்த்து, வடக்கே கமரே துறையிலிருந்து தனியாக ஓட்டி வருகிறாள். காலையில் போனில் சொன்னாள்:

"காத்து தென்மேற்கு, விசை மூணுதான் அம்மா. புது ஏரியல் போட்டாச்சு. இனிமே உன் குரல் போர்த்துகல் வரைக்கும் கேக்கும். நீ வாயை மூடிக்கிட்டு இருந்தா நான் வரேன். உனக்குக் கஷ்டமான வேலைதான், தெரியும்."

"வாயாடி. உங்க அப்பா மாதிரியே பேசு."

அந்த வழக்கத்தை மாற்றலாம் என்று சொல்ல நினைத்தாள். மகள் அவ்வளவு சந்தோஷமாக இருந்தாள். சொல்லாமல் விட்டுவிட்டாள்.

சூப்பை அடுப்பேற்றிவிட்டு ஜன்னல் கதவைத் திறந்தாள். காற்றைக் கன்னத்தில் வாங்கிப் பார்த்ததும் முகம் சுருங்கியது. மூணு இல்லை இது, ஐந்துக்குக் குறையாது. திசையும் தெற்கே நகர்ந்திருந்தது. வற்று ஓதத்தில் தண்ணீர் திரும்பித் தெற்கே ஓட ஆரம்பித்தாயிற்று. காற்றுக்கு அது வருகிற திசையின் பெயர், நீரோட்டத்துக்கு அது போகிற திசையின் பெயர். தெற்குக் காற்று, தெற்கு நீரோட்டம். பெயர் ஒன்றாக இருப்பதால் கரைக்காரர்கள் ஏமாந்து போவார்கள். கடலில் இரண்டும் நேருக்கு நேர் மோதும், தண்ணீர் செங்குத்தாக எழும்பும்.

பனி கொஞ்சம் விலகியது. கிழவியின் முழங்காலுக்கு நுரை வந்துவிட்டது. கீழிருந்து தொடர்ந்து ஓர் உறுமல் கேட்டது.

மகளுக்குப் போன் அடித்தாள். கிடைக்கவில்லை.

ரேடியோ கரகரத்தது.

"ஜன்னல், ஜன்னல். இது ஸ்க்ராவ். எப்படி இருக்கு?"

ஆண் குரல்.

கோரந்தீனின் கை மைக்கின்மேல் அப்படியே நின்றது. அவள் முப்பது வருடம் கேட்ட குரல், எந்தக் கூட்டத்திலும் அவளுக்குத் தப்பாது. ஆனால் அதன் அடியில் தண்ணீர் கொப்பளித்தது.

"ஜன்னல். எப்படி இருக்கு?"

பயம் வந்தது. இல்லை என்று சொன்னால் பொய். ஆனால் அந்தப் பயத்துக்கு முன்னால் ஆசை வந்துவிட்டது. எட்டு மாதமாக அவள் கேட்டதெல்லாம் இது ஒன்றுதான். பேசாமல் இருந்தால் போதும். பேசாவிட்டால் வருவான்.

அவள் மைக்கிலிருந்து கையை எடுத்துக்கொண்டாள்.

"பேச்சையே காணோமே?" என்றது குரல். "சரி. வரேன்."

டக் டக்.

அவள் ஓடிப்போய் வாசற்கதவை அகலத் திறந்து வைத்தாள். அவன் கம்பளிச் சட்டையைப் பெட்டியிலிருந்து எடுத்து அடுப்போரம் தொங்கவிட்டாள். இரண்டு கோப்பை எடுத்து வைத்தாள். அவசரத்தில் ஒன்று கவிழ்ந்தது. கல்யாணப் பெண்கூட இவ்வளவு பரபரத்திருக்க மாட்டாள்.

"கிழவியைத் தாண்டிட்டேன்," என்றது ரேடியோ.

சற்று நேரம் இரைச்சல் மட்டும்.

"கரை."

பனி மேட்டேறி வந்தது. முற்றத்து வெயில் அணைந்தது. டீசலும் நனைந்த கம்பளியும் அழுகிய கடற்பாசியும் கலந்த வாடை முதலில் உள்ளே நுழைந்தது.

"மேடு ஏறுறேன்."

சூப் சட்டியின் மூடி கொதியில் தடதடத்தது. அதை இறக்கப் போனவள் நின்றாள்.

அதே தடதடப்பு ரேடியோவிலிருந்தும் வந்துகொண்டிருந்தது.

அவன் கையில் மைக் இருக்கிறது. பொத்தானை அழுத்திப் பிடித்திருக்கிறான். அவள் அடுப்புச் சத்தம் அவன் மைக்கில் விழுகிற தூரத்தில் நிற்கிறான்.

வாசலில் பனி மட்டும்தான் இருந்தது. அது நிலைப்படியோடு நின்றது, உள்ளே வரவில்லை.

"மாலோ?"

"மாலோ?" என்று அவள் குரலையே ரேடியோ திருப்பிச் சொன்னது.

அப்போது அந்த இரைச்சலுக்கு அடியில், எங்கோ ஆழத்தில், இன்னொரு குரல் நெளிந்தது.

"...னல்... ஸ்க்ராவ்... எப்ப... அம்மா?"

அஸிலிஸ்.

கோரந்தீன் ஜன்னலுக்குப் பாய்ந்தாள். கிழவியின் இடுப்பு வெள்ளையாக இருந்தது. மைக்கைப் பிடுங்கி, "வராதே! அஸிலிஸ், திரும்பு, வராதே!" என்று கத்தினாள். பொத்தானை விட்டதும் சட்டி மூடியின் தடதடப்புதான் கேட்டது. ஒரே அலைவரிசை. ஒருவர் பொத்தானைப் பிடித்திருக்கும்வரை மற்றவர் பேச்சு முழுதாகப் போய்ச் சேராது. இன்னொரு முறை கத்தினாள்.

"...பதிலே காணோம்..." மகளின் குரலில் சிரிப்பு இருந்தது. "...சரிம்மா, வரே..."

அதே வார்த்தை. மாலோ கடைசியாகச் சொன்னது. நீரோட்டம் படகைப் பிடித்துவிட்டால் பிறகு திரும்ப முடியாது. மைக் கையிலிருந்து நழுவி, சுருள் வயரில் ஆடியது. அவள் வாசலைப் பார்த்துத் திரும்பினாள்.

"மாலோ, பொத்தானை விடு. பிள்ளை வடக்கே நிக்கிறா. விட்டுரு."

பனி அசையவில்லை.

"குளிருது, கோரந்தீன்."

இது ரேடியோவிலிருந்து வரவில்லை.

அவள் அழுதாள். அவனைத் தொட இரண்டடி வைத்தால் போதும். அந்தக் கை எப்படிச் சில்லிட்டிருக்கும், அதை எப்படித் தேய்த்துச் சூடாக்குவோம் என்றுகூட நினைத்துவிட்டாள். ஆனால் கடலில் இருப்பவன் ஜன்னலின் ஒரே ஒரு பேச்சுக்குத்தான் கட்டுப்படுவான். அது அவளுக்குத் தெரியும்.

"இங்க தண்ணி நல்லா இல்ல," என்றாள். "வராதே, கண்ணு. திரும்பிப் போ."

சட்டி மூடி தடதடத்தது, அடுப்பிலும் ரேடியோவிலும்.

பிறகு அடுப்பில் மட்டும்.

டக் டக்.

முற்றத்தில் மெல்ல வெயில் திரும்பியது. தொங்கிய மைக்கை எட்டிப் பிடித்து மகளைக் கூப்பிட்டாள். பதில் இல்லை. இடுப்பு, இடுப்பு, வராதே என்று தொண்டை கட்டும்வரை சொன்னாள். ரேடியோ வெறும் காற்றாக இரைந்தது. கடைசியில் தரையில் உட்கார்ந்து மடியில் அந்தக் கம்பளிச் சட்டையை வைத்துக்கொண்டாள். இரண்டு பேரையும் இன்று தானே கொன்றுவிட்டதாக நினைத்தாள்.

வெளிச்சம் சாயாத அந்த நீண்ட மாலையில் ஒரு டாக்சி மேடேறி வந்தது. ரப்பர் பூட்சும் உப்புப் படிந்த தலையுமாக அஸிலிஸ் இறங்கினாள். கோரந்தீன் அவளைக் கட்டிப்பிடித்து, உடனே முதுகில் ஓங்கி ஓர் அடி வைத்தாள்.

"ஐயோ! எதுக்கும்மா அடிக்கிற? சொன்ன பேச்சைக் கேட்டுத் திரும்பி வடக்கே துவார்னனே துறையில படகைக் கட்டிட்டு வரேன், அதுக்கு இந்த மரியாதையா?"

"கேட்டுச்சா உனக்கு? நான் கத்தினது?"

"கத்தினியா?" அஸிலிஸ் பூட்சைக் கழற்றியபடி நிமிர்ந்தாள். "கத்தல் ஒண்ணும் கேக்கல. புது ஏரியல் வயர்ல தண்ணி எறங்கிருச்சு, பாழாப்போனது. அப்பாவுக்கு ஆன மாதிரியே நான் சொல்றது போகுது, எதிர்ல ஒண்ணும் வரல. பதில் இல்லேன்னு உள்ள நுழையப் பாயை இழுத்துக்கூட கட்டிட்டேன். அப்புறம் ஒரே ஒரு தடவை நீ பேசினது வந்துச்சு. காதுக்குள்ள பேசற மாதிரி, அவ்வளவு தெளிவா."

"என்னன்னு?"

"'இங்க தண்ணி நல்லா இல்ல, வராதே, கண்ணு, திரும்பிப் போ'ன்னு. ஏம்மா அழுதுக்கிட்டே சொன்ன? பின்னாடி ஏதோ சட்டி மூடி ஆடற சத்தம் வேற."

கோரந்தீன் மேசையைப் பிடித்துக்கொண்டாள். அதைச் சொன்னபோது அவள் கையில் மைக் இல்லை. வாசலைப் பார்த்துச் சொன்னது அது. பொத்தானைப் பிடித்திருந்தவன் வாசலில் நின்றவன்.

பிடித்திருக்காவிட்டால் அவள் பேச்சு போய்ச் சேர்ந்திருக்காது. அதற்குத்தான் பிடித்திருந்தானா? அவனைத்தான் குளிரோடு குளிராகத் திருப்பி அனுப்பினாளா?

மகளை உட்கார வைத்தாள். சூப்பை ஊற்றினாள். அஸிலிஸ் ரொட்டியைத் தோய்த்துத் தோய்த்துத் தின்றாள். கவிழ்ந்த கோப்பையையும் தரையில் கிடந்த அப்பாவின் சட்டையையும் ஒருமுறை பார்த்தாள்.

காற்று விழுந்துவிட்டது. தண்ணீர் திரும்புகிற நேரம் வந்தது. ஃபான்ஷ் சொன்ன கரகரப்பை நினைத்தபடி கோரந்தீன் எழுந்துபோய் மெயின் சுவிட்சை இறக்கினாள். பச்சை விளக்கு அணைந்தது. பிறகு ஜன்னலுக்கு வந்து நின்றாள். மூட்டம் கலைந்த நீரிணையில் கிழவியின் கணுக்கால்கூட நனையவில்லை.

அணைந்த ரேடியோ கரகரத்தது.

"ஜன்னல், ஜன்னல். இது ஸ்க்ராவ். இப்ப எப்படி இருக்கு?"

அஸிலிஸின் கரண்டி தட்டில் விழுந்தது. "அம்மா..." என்று கிசுகிசுத்தாள். "அம்மா, அது அப்பா..." எழுந்து மைக்கை நோக்கிக் கை நீட்டினாள்.

கோரந்தீன் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டாள். மறு கையால் மகளின் வாயை மெல்லப் பொத்தினாள்.

இருவரும் பேசாமல் நின்றார்கள்.

டக் டக்.