ராசாளிக் கூட்டில் காய்ந்த இலை

ஓய்வுபெற்ற சப்-இன்ஸ்பெக்டர் நாகஜோதி திருநகரில் நடத்திவந்த துப்பறியும் நிலையத்தின் மாடிப்படியில் மலையம்மாள் மூச்சிரைக்க ஏறி வந்தாள்.

"தாயி, எங்க வீட்டு மனுசன் சின்னானை பாரஸ்ட்டுக்காரங்க மலையடியில புடிச்சு வச்சிருக்காங்க. கண்ணி வச்சு ராசாளியைப் புடிச்சாராம். சாயங்காலம் ஜெயிலுக்குக் கொண்டுபோறாங்களாம்."

"யாரு புகார் குடுத்தது?"

"நல்லகாமன் டாக்டரு."

உதவியாளன் ராம்கி நாற்காலியை விட்டு எழுந்தே விட்டான். நல்லகாமன் ஊசி போடும் டாக்டர் அல்ல. ராசாளிக் கழுகை ஆராய்ந்து முனைவரானவர். கொட்டாம்பட்டிப் பக்கத்துக் குன்றில் அடைகாத்த ஒரே ஜோடியை 'என் பிள்ளைகள்' என்றுதான் சொல்வார். போன மாதக் கடைசியில் அவருக்குக் 'கழுகுச் செம்மல்' பட்டம் கொடுத்தபோது, குன்றடியிலேயே மேடை போட்டு வரவேற்பை நடத்தியவன் ராம்கி. பிளெக்ஸில் கழுகைவிடச் செம்மல் பெரிதாக இருந்தார்.

"அவரு பொய் சொல்ல மாட்டாருக்கா" என்றவன் மலையம்மாள் பக்கம் திரும்பினான். "ஆடு மேய்க்கிற நீங்க சும்மா இருப்பீங்களா? எதையாவது புடிச்சுத் திங்கிறது."

"அவரு ஊர்லயே இல்லைய்யா. பொங்கல் முடிஞ்சதும் போனவரு. உரத்துக்காகத் திருமங்கலத்துக் காட்டுல ஆட்டுக்கிடை போட்டுட்டு, போன வெள்ளிக்கிழமைதான் திரும்புனாரு."

மலையம்மாளையும் ஏற்றிக்கொண்டு நாகஜோதி காரை எடுக்கச் சொன்னாள்.

குன்றடியில் வனத்துறை ஜீப் நின்றது. பின்னால் சின்னான் துண்டை மடியில் வைத்துக்கொண்டு தலைகுனிந்து உட்கார்ந்திருந்தார். ரேஞ்சர் செல்வக்குமாரின் பக்கத்தில், உடம்பெல்லாம் பை வைத்த சட்டையும் கழுத்தில் இரண்டு பைனாகுலருமாக நல்லகாமன் நின்றார்.

"ஞாயித்துக்கிழமை காலையில தாய்ப்பறவை அடையில இருந்ததை என் கண்ணால பார்த்தேன். சாயங்காலம் காணோம். நடுவுல இவன் ஆடுதான் இங்க நின்னுச்சு" என்றார்.

"ராசாளியைப் பத்தி எனக்கு ஒண்ணும் தெரியாது சார். கொஞ்சம் சொல்லுங்களேன்" என்றாள் நாகஜோதி பணிவாக.

செம்மலுக்கு வேறென்ன வேண்டும்? மைக் இல்லாத குறையே தெரியாமல் பேசினார். "அடை முடியிற வரைக்கும் கூட்டுல பச்சை இலை வச்சுக்கிட்டே இருக்கும்மா. ஒண்ணு வாடுறதுக்குள்ள அடுத்தது. இந்தப் பக்கத்துல இதை முதல்ல கவனிச்சவன் நான்."

"அந்த பைனாகுலர்ல ஒண்ணைக் குடுங்க சார்."

எதிர்ப்பாறையில் ஏறி அவள் கூட்டை வெகுநேரம் பார்த்தாள். பிறகு, நல்லகாமனோடு ஏறி வந்த ரேஞ்சரிடம் நீட்டினாள். "என்ன தெரியுது?"

"ஒரு முட்டை. சுத்தியும் சருகு."

"பச்சை?"

"ஒண்ணுகூட இல்லையே மேடம்."

கீழே ராம்கி புதர் புதராகத் துழாவிக்கொண்டிருந்தான். கூட்டுக்கு நேர் கீழே, பாறை இடுக்கில் கை விட்டவன் துள்ளினான். "அக்கா! தடயம்!"

கை நிறையச் சிவப்புக் காகிதத் துணுக்குகளோடு ஓடி வந்தவனுக்குப் பாதி வழியில் கால் பின்னியது.

விழாவன்று வெடித்த பத்தாயிரம்வாலாச் சரவெடி. படத்தில் கூடும் விழவேண்டும் என்று சரத்தை அங்கே விரிக்கச் சொன்னதே அவன்தான். செம்மல் அப்போது தலை சீவிக்கொண்டிருந்தார். புகைக்குள்ளிருந்து பெரிய சிறகு ஒன்று பதறி எழும்பிப் போனது. எல்லோரும் கைதட்டினார்கள். 'கழுகே வந்து வாழ்த்துது!' என்று மைக்கில் கத்தியதும் அவன்தான். காது மடல் வரை எரிந்தது ராம்கிக்கு. விரல்களை இறுக மூடிக்கொண்டான்.

மேலே, அவன் கைச் சிவப்பை அதற்குள் கவனித்துவிட்ட நாகஜோதி பேசிக்கொண்டிருந்தாள். "ஞாயித்துக்கிழமை வரைக்கும் அடையில இருந்திருந்தா, ரெண்டு நாள்ல இம்புட்டுச் சருகா ஆகுமா சார்? பறவை போய் வாரக்கணக்காச்சு. அப்ப சின்னான் திருமங்கலத்துல."

சின்னான் கிடை போட்ட நிலத்துக்காரருக்கு ரேஞ்சர் போன் போட்டார். "ஆமாங்க, வியாழக்கிழமை வரை இங்கதான் கெடந்தாரு" என்று பதில் வந்தது.

"ஆளைக் கண்ணி வச்சுப் புடிச்சது நீங்கதான் சார்" என்றாள் நாகஜோதி. "உங்க விழா வெடிச்சத்தத்துல ராசாளி கூட்டை விட்டே போயிருச்சுன்னு தெரிஞ்சா, செம்மல் பட்டம் சிரிப்பாச் சிரிக்கும். அதுக்குப் பழி போட ஒரு ஆளு வேணும்."

நல்லகாமனின் தொப்பி கைக்கு இறங்கியது. "வெடி போடச் சொன்னது நானில்ல. யாரோ சில்லறைப் பசங்க..."

"யாரு பத்த வச்சது?" என்றார் ரேஞ்சர்.

நாகஜோதி பைனாகுலர் கண்ணாடியை முந்தானையால் துடைத்துக்கொண்டிருந்தாள். வேண்டுமென்றேதான் அவள் நிமிரவில்லை என்பது ராம்கிக்குப் புரிந்தது. மிச்சத் தூரத்தையும் ஏறி வந்து அவன் கையை விரித்தான்.

"நான்தான் சார். இவரு சிரிச்சுக்கிட்டு நின்னாரு."

மலையம்மாள் அவனை ஏறிட்டுப் பார்த்தாள். திட்டுவாள் என்று காத்திருந்தான். அவள் புருஷனை இறக்கிவிட ஜீப்புக்குப் போய்விட்டாள்.

"ரெண்டு பேரும் ஏறுங்க. ஆபீஸ்ல வாக்குமூலம் குடுக்கணும்" என்றார் ரேஞ்சர்.

"என் கார் வரும்" என்றார் நல்லகாமன்.

"ஜீப்புலயே இடமிருக்கு சார்."

அப்போதும் அவர் முன்சீட்டில்தான் போய் உட்கார்ந்தார். ராம்கி பின்னால் ஏறினான். சின்னான் எழுந்துபோன பலகையில் கை வைத்தான். இன்னும் சூடாக இருந்தது. அதில் உட்காரக் கூசி, கீழே தகரத்தில் குந்திக்கொண்டான்.