பத்தாவது வார்த்தைக்கு ஒரு ஆள்

"ஏங்க... கொஞ்சம் நில்லுங்க."

ஜெருசலேம் சந்தைத் தெருவில் மழை கொட்டிக்கொண்டிருந்தது. கருவிப் பையைத் தலைக்கு மேல் பிடித்தபடி ஓடிய நெரியா, வழிமறித்தவளைப் பார்த்தான். நனைந்த இமைகள்... அழுது சிவந்த, ஆனாலும் துளிகூடப் பயமில்லாத கண்கள். இந்தக் கண்களோடு யார் வாதாடுவது?

"நீங்க யூதர்தானே?"

"பொறந்தது அப்படித்தான். குழாய் ரிப்பேர் பண்றவன். ஏன், வீட்ல தண்ணி ஒழுகுதா?"

"ஜெப ஆலயத்துல ஒரு ஆள் குறையுது. பத்து ஆம்பளைங்க இல்லாம எங்கப்பாவுக்கு கதீஷ் சொல்ல முடியாது. சூரியன் மறையப் போகுது..."

"நான் ஜெபம் பண்ணி வருஷக்கணக்காச்சுங்க. கடவுளுக்கே என் முகம் மறந்திருக்கும்."

"அதை அவர் பாத்துக்குவார். நீங்க வந்து நில்லுங்க."

அவள் பெயர் திர்ஸா. போன மாதம் இறந்துபோன மசாலாக் கடை ஷவூலுக்கு ஒரே பிள்ளை. பெற்றவருக்காகப் பிள்ளை சொல்லும் துதிதான் கதீஷ். சாவைப் பற்றி அதில் ஒரு சொல்கூடக் கிடையாது.

உள்ளே ஆலயப் பொறுப்பாளர் பின்ஹாஸ் ஆள் கணக்குப் பார்த்தார். யூத வழக்கப்படி ஆட்களின் தலையை எண்ணக் கூடாதே... பத்து வார்த்தை வசனத்தை ஆளுக்கு ஒரு வார்த்தையாகச் சொல்லிக்கொண்டே வந்தார். கடைசி வார்த்தை சொட்டச் சொட்ட நனைந்து நின்ற நெரியாவுக்கு விழுந்தது.

"ஷவூலுக்கு இன்னைக்கு நான் சொல்லிடறேன். நாளையிலருந்து வேதம் படிக்கிற பையன் ஒருத்தன் வருவான்" என்றார் பின்ஹாஸ்.

"இத்தனை நாள் நான் வாய்க்குள்ளயே முணுமுணுத்தது போதும் மாமா. இன்னைக்கு நான்தான் சத்தமா சொல்வேன்" என்றாள் திர்ஸா, பெண்கள் பக்கத்துத் திரைக்குப் பின்னாலிருந்து.

"பொண்ணு சொல்ற வழக்கம் இங்க இல்லம்மா."

"பெத்த பொண்ணு நான் குத்துக்கல்லாட்டம் இருக்கேன். யாரோ பெத்த பையன் எதுக்கு?"

பின்ஹாஸ் மேஜையைத் தட்டினார். நெரியா பையை எடுத்தான்.

"அப்ப நான் கிளம்பறேன் ஐயா."

"நீ போனா ஆள் குறைஞ்சிடும்பா."

"தெரியும். அவங்க கூப்பிட்டுத்தான் வந்தேன். அவங்க வாயை அடைக்கவா நான் நிக்கணும்?"

ஜன்னலில் வெளிச்சம் மங்கிக்கொண்டே வந்தது. "சொல்லிட்டுப் போகட்டுமே, இருட்டுது" என்று யாரோ முனகினார்கள்.

"சொல்லித் தொலைக்கட்டும்" என்றார் பின்ஹாஸ்.

ஜெபம் முடியும் நேரம் அவள் சொன்னாள். முதல் வரியில் குரல் உடைந்தது, அப்புறம் உடையவே இல்லை. நெரியா கையிலிருந்த பையை மெல்லக் கீழே வைத்தான்.

வெளியே வந்ததும் அவனிடமே பாய்ந்தாள். "எனக்காகப் பேச உங்களை யார் கூப்பிட்டது? எனக்கு வாய் இல்லையா?"

"இருக்கே... தெரு முழுக்கக் கேட்டுச்சே."

சிரிப்பை அடக்கிக்கொண்டு, நன்றிகூடச் சொல்லாமல் விறுவிறுவென்று போய்விட்டாள். என்ன திமிர்! மறுநாள் மாலை அவளுக்கு முன்னாலேயே அவன் வந்து நின்றான். அதன்பின் யாரும் கூப்பிட வேண்டியிருக்கவில்லை.

மழைக்காலம் போனது. ஒரு நாள் ஜெபம் முடிந்ததும் வாசலில் பின்ஹாஸ் அவளை நிறுத்தினார்.

"ஊரே பேசுதும்மா. அந்தப் பையன் சப்பாத் ஓய்வுநாள்லகூட வேலைக்குப் போறவனாம். உங்கப்பா இருந்தா சம்மதிப்பாரா? அவன் ஜெபத்துக்கா வர்றான்?"

பின்னால் வந்த நெரியாவின் காதில் அது விழுந்தது. தலையைக் குனிந்துகொண்டு படியிறங்கினான். திர்ஸா வாயை மூடிக்கொண்டிருந்தால் ஊரில் மரியாதை மிஞ்சும்... அவன் மிஞ்ச மாட்டான்.

"மாமா, அவர் எதுக்கு வர்றார்னு எனக்குத் தெரியாது. நான் தினம் வாசல்ல நிக்கறது ஆள் சேர்க்க இல்ல, அவரைப் பாக்க." உள்ளேயிருந்த அத்தனை பேரும் திரும்பினார்கள். அவள் குரலைத் தாழ்த்தவில்லை. "அப்பாவுக்கு வருஷம் முடியட்டும். அப்புறம் இவரைத்தான் கட்டிக்குவேன். ஊர் நல்லாப் பேசட்டும்."

படியில் நின்றவன் திரும்பினான். "என்னை ஒரு வார்த்தை கேக்கலையே..."

"இப்பக் கேக்கறேன். சம்மதமா?"

"சப்பாத் வேலையை விட்டு ரெண்டு வாரம் ஆச்சு திர்ஸா. உன்கிட்ட சொல்லத்தான் தைரியம் வரல. உன்னை எனக்கு அவ்வளவு பிடிச்சிருக்கு."

"எனக்குக் கேட்டுச்சு" என்றாள் திர்ஸா. "மாமாவுக்கும் கேக்கற மாதிரி இன்னொரு தடவை சொல்லுங்க."