வில்லனின் கடைசி வார்த்தை

சனிக்கிழமை காலை. வெள்ளவத்தை, ஐந்தாம் மாடி.

கொலை ஒரு புத்தகத்தின் கடைசி அத்தியாயத்தில் நடந்திருந்தது. செத்தது கதையின் முடிவு. பறிகொடுத்தவள் அதை எழுதியவளே. பத்தொன்பது வயது தாரிகா, அச்சுப் பிரதியும் அழுத முகமுமாக, பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டினாள்.

திறந்தவர் நளீபா. புதுக்கடை நீதிமன்றத்தில் சட்டத்தரணி. உம்மா இறந்த பிறகு அந்த வீட்டில் அவர் மட்டும்தான். ஞாயிற்றுக்கிழமைகளில் யாரோடும் பேசாமலே பொழுது போய்விடும். தாரிகாவின் இரத்தக்காட்டேறிக் காதல் கதை ‘கழுத்தில் ஒரு நிலா’ முதல் பாகத்தை நீதிமன்றத்தில் வழக்குக் கோப்புக்குள் ஒளித்து வைத்து வாசித்தவர்.

"அன்ரி, ரெண்டாம் பாகத்தின்ரை முடிவை ஆரோ மாத்திப்போட்டினம். சனம் இணையத்திலை கிழிகிழியெண்டு கிழிக்குது."

"நானும் வாசிச்சேன். காட்டேறி இடியப்பமும் சொதியும் திண்டு மனுஷனாகி, மாமியார்ட வீட்டு மேல்மாடியில குடிவாறான். புத்தகத்தச் சுவத்துல அடிச்சேன்."

"நான் எழுதினதிலை கதாநாயகி மிருணா அவனோடை வீட்டை விட்டுப் போறாள். திரும்பி வாறதேயில்லை."

"யார் கையெல்லாம் போனது?"

"நான் விசா அலுவலா அலைஞ்சன். கதை இருந்த பென் டிரைவை அம்மாதான் கொட்டாஞ்சேனைப் பதிப்பகத்துக்குக் கொண்டுபோய்க் குடுத்தவா. அங்கை பேர்னாட் அங்கிள் எழுத்துப்பிழை பாத்தவர். பிறகு நேரை அச்சுக்கு. அவர்தான் செய்திருக்கவேணும். திங்கட்கிழமை அவரை வேலையாலை நிப்பாட்டப் போகினமாம்."

"உங்கட மெல்பேர்ன் பயணம்?"

"நாளைக்கு." அவள் பயணப்பெட்டிக்குப் பூட்டு வாங்கக் கிளம்பினாள். "அம்மா, நான் போறன்!"

திறந்திருந்த பக்கத்து வீட்டிலிருந்து தாய் நேசமலரின் குரல் வந்தது. "போறன் எண்டு சொல்லாதை பிள்ளை. போட்டு வாறன் எண்டு சொல்லு."

நளீபாவுக்கு உம்மாவின் நினைவு வந்தது. அப்படிச் சொல்லிவிட்டு வெளியே போக அவருக்கு இப்போது ஆள் இல்லை. வலித்தது.

நண்பகல். கொட்டாஞ்சேனைப் பதிப்பகம்.

பேர்னாட் மேசை இழுப்பறையை ஏற்கெனவே காலி செய்துகொண்டிருந்தார்.

"என்னத்தத் திருத்தினீங்க?"

"ஒற்று மட்டும்தான் மிஸ். முடிவு சப்புன்னு இருந்திச்சு. ஆனா எழுதினது அந்தப் பிள்ளை. நான் யாரு மாத்த?"

"வேற ஒரு சொல்லும் தொடல்லயா?"

"சத்தியமா இல்ல." அவர் எழுந்தார். "கோயிலுக்குப் போயிட்டு வாறேன் மிஸ். அந்தோனியார்கிட்டயாவது சொல்லணும்."

நளீபா பஸ்ஸில் திரும்பும்போது இரண்டாம் பாகத்தை மறுபடி திறந்தார். நடுவில் ஒரு வரியில் நின்றார். பக்கத்தில் இருந்தவர் திரும்பிப் பார்க்கும் அளவுக்குச் சிரித்தார். பிறகு சிரிப்பு நின்றுவிட்டது.

மாலை. தாரிகாவின் வீடு.

கூடத்தில் பூட்டிய பயணப்பெட்டி. நேசமலர் தேத்தண்ணித் தட்டோடு வந்தார்.

"எல்லாரும் இடியப்பத்தத்தான் பார்த்தாங்க," என்றார் நளீபா. "வில்லன ஒருத்தரும் பார்க்கல்ல. தாரிகா, கோமகன் வெயில்ல எரிஞ்சு சாம்பலாகிற இடத்த வாசிங்க. கடைசியா என்ன சொல்றான்?"

தாரிகா வாசித்தாள். "‘மிருணா, நான் போட்டு வாறன்.’" நிமிர்ந்தாள். "ஐயோ! நான் ‘போறன்’ எண்டெல்லோ எழுதினனான்."

"முடிவக் கெடுக்கிறது பகையாளியும் செய்யலாம். ஆனா செத்துப்போறவன்ட வாயிலயும் ‘போறன்’ எண்ட சொல்லத் தாங்காத ஒராள்தான் இதச் செஞ்சது. பேர்னாட் திருத்தினா ‘போயிட்டு வாறேன்’ எண்டு வரும். நான் திருத்தினா ‘பெய்த்து வாறேன்’. ‘போட்டு வாறன்’ எண்டு காலையில ஒரு குரல் கேட்டிச்சு." நளீபா தட்டைப் பிடித்திருந்த கையைப் பார்த்தார். "பென் டிரைவ் இங்க எத்தின நாள் கிடந்திச்சு, நேசமலர் அக்கா?"

நேசமலர் தட்டை மெதுவாக வைத்தார்.

"நாலு நாள்."

"அம்மா!"

"மகள் கதவைச் சாத்தினாப்பிறகு தாயைப் பற்றி ஒரு வரியும் இல்லை, தங்கச்சி. அந்த மனிசி சாப்பிட்டவளோ, படுத்தவளோ, ஒண்டும் இவள் எழுதேல்லை. எனக்குப் பொறுக்கேல்லை."

தாரிகா கத்தினாள், அழுதாள். பிறகு தொலைபேசியை எடுத்துப் பதிப்பாளரிடம், "பேர்னாட் அங்கிளிலை பிழை இல்லை. பிழை எங்கடை வீட்டிலை," என்றாள். வைத்துவிட்டுத் தாயைப் பார்த்தாள்.

"முடிவை மாத்தினது விளங்குது. வில்லனை ஏனம்மா மாத்தினனீங்கள்?"

"அவனுக்கும் ஒரு தாய் இருந்திருப்பாதானே."

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் லிஃப்ட் வாசலில் தாரிகா சொல்லவேண்டிய விதமாகவே சொன்னாள். கதவு மூடியது. நேசமலர் அங்கேயே வெகுநேரம் நின்றார்.

திங்கட்கிழமை காலை.

நளீபா கறுப்புக் கோட்டோடு தன் கதவைப் பூட்டினார். லிஃப்ட் பக்கம் போனவர் திரும்பி வந்து பக்கத்து வீட்டு மணியை அடித்தார். நேசமலர் கதவைத் திறந்தார். கண்கள் வீங்கியிருந்தன.

"அக்கா, கோர்ட்டுக்குப் பெய்த்து வாறேன்."

நேசமலர் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"ஓம். போட்டு வாங்கோ. பின்னேரம் இடியப்பம் அவிப்பன்."