திருகின் மேல் சிவப்புக் கோடு

மூஸ் மான் வேட்டை தொடங்கிய வாரத்தில், ஊரே காட்டில் இருக்க வேண்டிய ஒரு காலை நேரத்தில், ஸ்டூரே லிண்ட்மார்க் சிக்னேயின் கதவைத் தட்டினார். செப்டம்பர் பிறந்துவிட்டால் வட சுவீடனில் எங்கள் பக்கத்தில் பள்ளிக்கூட வாத்தியார் முதல் பல் டாக்டர் வரை எல்லாரும் மரத்தடியில்தான் உட்கார்ந்திருப்பார்கள். அந்த வாரத்தில் ஒரு வேட்டைக்காரர் பகலில் அடுத்தவர் வீட்டுக்கு வருகிறார் என்றால், ஒன்று யாராவது செத்திருக்க வேண்டும், இல்லை அவருடைய மானம் போயிருக்க வேண்டும். ஸ்டூரேயின் முகத்தைப் பார்த்தால் இரண்டாவதுதான் என்று தெரிந்தது.

சிக்னே நூர்பி லிக்சேலே காவல் நிலையத்தில் திருட்டு வழக்குகளைப் பார்த்து ஓய்வு பெற்றவள். எதற்கும் பதறாதவள். அவளுடைய அடுப்படி மேசையில் எலோஃப் ஏற்கெனவே உட்கார்ந்திருந்தான். தபால் வண்டி ஓட்டுகிறவன். கணுக்கால் சுளுக்கி அந்த ஆண்டு வேட்டைக்குப் போக முடியாமல், இங்கே வந்து அவள் காபியைக் காலி செய்துகொண்டிருந்தான்.

“யாரோ என் ஸ்கோப்பைத் திருகியிருக்காங்க, சிக்னே,” என்றார் ஸ்டூரே, உட்காராமலே.

“முதல்ல உக்காரு. யார் செத்தாங்கன்னு நினைச்சுட்டேன்.”

அவர் உட்கார்ந்தார். இடது கையால் கோப்பையை எடுத்தார். துப்பாக்கி மேல் இருக்கும் தொலைநோக்கியைத்தான் ஸ்கோப் என்பார்கள். அதன் தலையில் உள்ள திருகைத் திருப்பினால் குண்டு போய் விழும் இடம் மேலே கீழே மாறும். ஆகஸ்டில் ரேஞ்சில், அதாவது சுடும் பயிற்சித் திடலில், சுட்டுச் சரிபார்த்ததும், அந்தத் திருகு நகராமல் இருக்கிறதா என்று பார்க்க, மனைவியின் நகப்பூச்சால் திருகின் மேலும் அதன் அடிப்பாகத்தின் மேலும் சேர்த்து ஒரு சிவப்புக் கோடு இழுத்துவிடுவது ஸ்டூரேயின் நெடுநாள் வழக்கம்.

“வேட்டை ஆரம்பிச்ச அன்னிக்குக் காலையில பாக்கறேன், கோடு கோட்டோட சேரலை. எவனோ திருப்பியிருக்கான். சரி, பரவாயில்லைன்னு திரும்பக் கோட்டுக்கே கொண்டுவந்து வெச்சேன். சதுப்புல என் இடத்துல போய் உக்காந்தேன். பெரிய ஆண் மூஸ், பக்கவாட்டுல, சும்மா நிக்குது. எப்பவும் போல நெஞ்சுக்குக் கீழ்ப்பாகத்துல குறி வெச்சேன். குண்டு வயித்துக்குக் கீழே பாசியில போய்ப் புதைஞ்சுது. நேத்தும் அதே கதை.”

“காயம் பட்டிருக்குமோ?”

“நாயை விட்டுத் தேடினோம். ஒரு சொட்டு ரத்தம் இல்லை. அந்த மட்டுக்கும் நிம்மதி.”

“கடைத்தோட்டா வாங்கினீங்களா என்ன?” என்று எலோஃப் இடையில் புகுந்தான்.

ஸ்டூரே அவனைப் புழுவைப் பார்ப்பது போல் பார்த்தார். “என் தோட்டாவை நான்தான் அடைப்பேன். கூடு என்னுது, வெடிமருந்து என்னுது, குண்டு என்னுது. ஒன்பது புள்ளி மூணு மில்லிமீட்டர் குண்டு, முழு மருந்து. உன்னை மாதிரி ஆறரையைத் தூக்கிட்டு வர நான் என்ன பொம்பளையா?”

“ஆறரைல அடிச்சாலும் மூஸ் சாகத்தான் செய்யுது,” என்றான் எலோஃப்.

“சுடும்போது தோள்ல ஏதும் வித்தியாசம் தெரிஞ்சுதா?” சிக்னே கேட்டாள்.

“எதுவும் தெரியலை. மூஸ் முன்னாடி நிக்கும்போது துப்பாக்கி உதைக்கறது எவனுக்குத் தெரியும்?” அவர் கோப்பையைக் கீழே வைத்தார். “ஹில்டிங் சொல்லிட்டான். நாளைக்கு ரேஞ்சுல வந்து சுட்டுக் காட்டணுமாம். இல்லைன்னா சதுப்பு இடம் அவன் மருமகனுக்கு. எனக்குக் கொட்டகையில இறைச்சி வெட்டற வேலை.”

ஹில்டிங்தான் எங்கள் வேட்டைக் குழுவின் தலைவர். சதுப்பின் ஓரத்தில் அந்த ஒற்றை பைன் மரத்தடி, ஸ்டூரே கல்யாணம் ஆன புதிதில் கிடைத்த இடம்.

“நீயே இன்னிக்கு ரேஞ்சுக்குப் போய்ச் சுட்டுப் பாத்திருக்கலாமே, ஸ்டூரே?”

அவர் ஜன்னலைப் பார்த்தார். “போய்ச் சுட்டா, எவனும் எதையும் திருகலை, நான்தான் கிழவனாயிட்டேன்னு தெரிஞ்சுபோச்சுன்னா?”

சிக்னேவுக்கு அந்த மனிதரைப் பிடிக்கும். அப்போது இன்னும் கொஞ்சம் பிடித்தது. “வா, உன் வீட்டைப் பாக்கலாம்,” என்று எழுந்தாள்.

வழியெல்லாம் எலோஃப் அவள் காதைக் கடித்தான். “ஹில்டிங்தான். சந்தேகமே வேண்டாம். மருமகனுக்கு இடம் வேணும். ஸ்டூரே வீட்டு நிலவறையிலதான் ஹில்டிங்கும் வந்து தோட்டா அடைக்கிறான். ஆகஸ்ட் ரேஞ்சு முடிஞ்சு எல்லாரும் நீராவிக் குளியலுக்குப் போனோமே, அங்கேயும் வந்து மருமகன் புராணம்தான். நல்லவேளை ஸ்டூரே அன்னிக்கு வரலை.”

“ஏன் வரலை?”

“சளியாம். தலை நனையக் கூடாதாம்.”

லிண்ட்மார்க் வீட்டு நடையில் பாடம் செய்த காட்டுச் சேவல் ஒன்று சிறகை விரித்து நின்றது. மாய்-லிஸ் மாவுக் கையோடு வந்தாள். ஸ்டூரேயின் மனைவி, சின்ன உருவம், பெரிய குரல். குழுவில் அவளும் உண்டு, ஆனால் அவள் மனம் பனிக்காலத்துப் பறவை வேட்டையில்தான்.

“இது நீ அடிச்சதா?” என்று எலோஃப் சேவலைத் தொட்டுப் பார்த்தான். “இறகு கூடக் கலையலையே.”

“வலு குறைஞ்ச மருந்தாப் போட்டு அடைச்சா கலையாது. இவரோட பீரங்கியால அடிச்சா சூப்புக்குக்கூட ஒண்ணும் மிஞ்சாது,” என்றாள் மாய்-லிஸ். “என்ன விஷயம், சிக்னே? முகம் போலீஸ் முகமா இருக்கே.”

“ஸ்டூரேயோட ஸ்கோப்பை யாரோ திருகியிருக்காங்க. வேட்டை அன்னிக்குக் காலையில அவர் அதைப் பாத்துட்டு, பழையபடி கோட்டுக்கே வெச்சிருக்கார்.”

மாய்-லிஸின் மாவுக் கை அப்படியே நின்றது. “திருப்பி வெச்சுட்டாரா?” என்றாள். பிறகு, அடுப்பில் ரொட்டி இருக்கிறது என்று உள்ளே போய்விட்டாள்.

நிலவறையில் தோட்டா அடைக்கும் மேசை கோயில் மாதிரி துடைத்து வைத்திருந்தது. துப்பாக்கி அலமாரியின் சாவி எங்கே என்று சிக்னே கேட்டாள். ஸ்டூரே இருமினார். அது காபி டப்பாவுக்குள் இருப்பது ஹில்டிங்குக்கும் தெரியும் என்பது ஒரு முன்னாள் போலீஸ்காரியிடம் சொல்லக்கூடிய விஷயம் இல்லைதான்; ஆனால் சொன்னார். எலோஃப் அவளை முழங்கையால் இடித்தான்.

சிக்னே ஸ்டூரேயின் பெட்டியிலிருந்து ஒரு தோட்டாவை எடுத்து, குண்டைக் கழற்றித் தரச் சொன்னாள். குண்டு கழற்றும் சுத்தியலால் அவர் தட்ட, உள்ளே இருந்த மருந்து வெள்ளைத் தட்டில் கொட்டியது. ஸ்டூரே குனிந்து பார்த்தார். நிமிரவே இல்லை.

“இது என் மருந்து இல்லை. என்னுது சின்னச் சின்னக் குச்சியா இருக்கும். இது சப்பைச் சில்லு.”

இன்னும் இரண்டைக் கழற்றினார்கள். எல்லாவற்றிலும் அதே சில்லு. தராசில் வைத்தால் மூன்றும் அச்சுப் பிசகாமல் ஒரே எடை.

“பாவி,” என்றான் எலோஃப். “துப்பாக்கி வெடிச்சிருந்தா?”

“வெடிச்சிருக்காது,” என்றாள் சிக்னே. “அதுதான் எனக்குப் பிடிச்சிருக்கு.”

திரும்பும் வழியில் கொட்டகையில் ஹில்டிங்கைப் பார்த்தாள். திருகு விஷயத்தைச் சொன்னதும் அவர் கத்தியைக் கீழே போட்டார். “யார் தொட்டது? என் குழுவுல எவனாவது அடுத்தவன் ஸ்கோப்புல கை வெச்சான்னா அவனை நானே சதுப்புல முக்கிடுவேன். சொல்லு, யாரு?”

“நாளைக்கு ரேஞ்சுல சொல்றேன்.”

மறுநாள் ரேஞ்சில் ஐந்து பேர்தான். ஹில்டிங் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். மாய்-லிஸ் காபிக் குடுவையை மார்போடு அணைத்துக்கொண்டு நின்றாள். ஸ்டூரே, கோடு கோட்டோடு சேர்ந்த திருகோடு, மூன்று முறை சுட்டார். எலோஃப் நொண்டிக்கொண்டு போய் அட்டையைக் கொண்டுவந்தான். மூன்று துளையும் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டிருந்தன. ஆனால் நடுவிலிருந்து ஒரு சாணுக்கும் அதிகமாகக் கீழே இறங்கியிருந்தன.

“கிழவனோட கை இப்படிச் சுடாது,” என்றாள் சிக்னே. “இப்ப சொல்லு. அன்னிக்குக் காலையில கோடு எங்கே நின்னுது? அதே இடத்துக்குத் திருப்பு.”

“எதிரி வெச்ச இடத்துக்கா?”

“எதிரி வெச்ச இடத்துக்கேதான்.”

அவர் முணுமுணுத்துக்கொண்டே திருப்பினார். மறுபடி மூன்று முறை. இந்த முறை எலோஃப் அட்டையைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்துக்கொண்டு வந்தான். நடுப்புள்ளி இருந்த இடத்தில் ஒரு ஓட்டை இருந்தது.

ஹில்டிங் கட்டிய கையை அவிழ்த்தார். “இது என்னடா கூத்து?”

“ஸ்டூரே திருகு நகர்ந்ததைப் பாத்துட்டு, கெடுத்தவன் ஒருத்தன் இருக்கான்னு நினைச்சார்,” என்றாள் சிக்னே. “ஆனா குறி தப்பினது அவர் திருப்பி வெச்சதுக்கு அப்புறம். தோட்டாவுல மருந்தைக் குறைச்சவங்க, குண்டு கீழே விழும்னு தெரிஞ்சு, இந்த ரேஞ்சுக்கே வந்து சுட்டுப் பாத்து, திருகையும் சரியா ஏத்தி வெச்சிருக்காங்க. திருகைத் தொடாம விட்டிருந்தார்னா அந்த ரெண்டு மூஸும் இப்ப கொட்டகையில தொங்கிட்டிருக்கும். கெடுக்க நினைக்கிறவன் ஒவ்வொரு தோட்டாவையும் எடை போட மாட்டான். மூஸ் வேட்டைக்குச் சட்டம் கேக்கற வலுவுக்குக் குறையாம பாத்துக்க மாட்டான். இது எதிரி வேலை இல்லை.”

“அப்ப எதுக்கு?” என்றான் எலோஃப்.

“மருந்து குறைஞ்சா உதை குறையும். ஸ்டூரே, நேத்து நீ இடது கையால காபி குடிச்சே. ஆகஸ்ட் ரேஞ்சு முடிஞ்சு எல்லாரும் சட்டையைக் கழட்டற இடத்துக்கு நீ வரலை. உன் வலது தோள் எப்படி இருக்குன்னு இந்த ஊர்ல யாருக்கும் தெரியாது. தினமும் அதுக்குத் தைலம் தேய்க்கிறவங்களைத் தவிர.”

யாரும் மாய்-லிஸைப் பார்க்கவில்லை. பார்க்காமல் இருக்க எல்லாரும் ரொம்பப் பாடுபட்டார்கள்.

“அந்தச் சப்பைச் சில்லு மருந்து பறவைத் தோட்டாவுக்குப் போடறது,” சிக்னே தொடர்ந்தாள். “இன்னொண்ணு. திருகு நகர்ந்துதுன்னு கேட்டதும் எலோஃப் கேட்டது, யாருன்னு. ஹில்டிங் கேட்டதும் யாருன்னுதான். ஒருத்தர் மட்டும் அதைக் கேக்கலை. ‘திருப்பி வெச்சுட்டாரா’ன்னு கேட்டாங்க.”

மாய்-லிஸ் குடுவையைக் கீழே வைத்தாள். “போன வருஷம் முழுக்க, சுடறதுக்கு முன்னாடியே கண்ணை மூடினார்,” என்றாள். “வலிக்கப் போகுதுன்னு உடம்புக்குத் தெரிஞ்சுபோச்சு. ஆறரைக்கு மாறுன்னு சொன்னா, பொம்பளைத் தோட்டான்னு ஒரு வாரம் பேசுவார். டாக்டர் சொன்னார்னு சொன்னா, டாக்டரும் பொம்பளைன்னுவார். ஒருநாள் குறி தப்பி ஒரு மிருகம் வயித்துல குண்டோட காட்டுக்குள்ள போய்ப் படுத்துக்கிட்டா, இந்த மனுஷன் அப்புறம் துப்பாக்கியைத் தொடவே மாட்டார். எனக்கு அதைப் பாக்க முடியாது. அவர் அக்கா வீட்டுக்குப் போன அன்னிக்கு எல்லாத்தையும் பிரிச்சு அடைச்சேன். உன்னை ஏமாத்தினது தப்புதான், கிழவா. கோட்டை நீ பாப்பேன்னு எனக்குத் தோணாமப் போச்சு. முப்பது வருஷமா நான் தர்ற நகப்பூச்சு அது.”

ஸ்டூரே அட்டையிலிருந்த அந்த ஒற்றை ஓட்டையைப் பார்த்தார். அவர் கோபப்படப் போகிறார் என்று எலோஃப் ஓர் அடி பின்னால் நகர்ந்தான். ஆனால் ஸ்டூரே வலது கையை மெதுவாகத் தூக்கி, சுழற்றிப் பார்த்தார்.

“ஆறு தோட்டா சுட்டிருக்கேன்,” என்றார். “வலிக்கலை.”

“சதுப்பு உன்னோடதுதான்டா,” என்றார் ஹில்டிங். பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டு, மாய்-லிஸ் பக்கம் நகர்ந்து, மற்றவர்களுக்குக் கேட்காது என்று நினைத்துக்கொண்டு சொன்னார்: “எனக்கும் ஒரு பெட்டி அந்த மாதிரி அடைச்சுக் குடேன். என் பொண்டாட்டிக்குத் தெரிய வேண்டாம்.”

எல்லாருக்கும் கேட்டது. சிக்னே காபியை ஊற்றிக் கொடுத்தாள்.

ஸ்டூரே சட்டைப் பையிலிருந்து பேனாக்கத்தியை எடுத்தார். திருகின் மேலிருந்த பழைய சிவப்புக் கோட்டை, துளி விடாமல், பொறுமையாகச் சுரண்டி எடுத்தார். ஊதிவிட்டு, துப்பாக்கியை மேசை மேல் மாய்-லிஸ் பக்கம் தள்ளினார்.

“நகப்பூச்சு கைப்பையில இருக்கா?”

“இருக்கு.”

“அப்ப நீயே கோடு போடு,” என்றார். “இனிமே அதைத் தொட மாட்டேன்.”